இடித்தது ஒரேயொரு கூம்பு

1

எங்கள் தெருவுக்குக் கூம்புகள் வந்துவிட்டன.

பனி கரைந்ததும் மொன்றியலில் முதலில் முளைப்பது புல் இல்லை, பிள்ளைகளே. இந்தச் செம்மஞ்சள் பிளாஸ்டிக் கூம்புகள்தான். தெருவைக் கிண்டப் போகிறோம், கவனம் என்று சொல்வதற்காக அடுக்கிவிட்டுப் போவார்கள். அரைவாசி இடத்தில் கிண்டவே மாட்டார்கள், கூம்பு மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். ஏன் நிற்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அதிலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஆனால் அதை எழுதத் தொடங்கினால் கதை வேறு பக்கம் போய்விடும்.

உங்கள் பாடசாலை மலரின் சிறுவர் பக்கத்துக்கு வெளிநாட்டு வாழ்க்கை பற்றி எழுதச் சொல்லி உங்கள் ரீச்சர் கேட்டார். அவவும் நானும் ஒரே வகுப்பில் இருந்து படித்தவர்கள். "பனியைப் பற்றி மட்டும் எழுதிப்போடாதையும். வெளிநாட்டிலை இருக்கிற எல்லாரும் அதைத்தான் எழுதுகினம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டா. என்ன எழுதுவது என்று ஒரு கிழமையாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை கதவைத் திறந்தால் படிக்கு நேரே ஒரு கூம்பு. என் மகள் ஆரணி பின்னால் நின்று, "அப்பா, கவனம், கூம்பு!" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம். முன்வீட்டில் இருக்கிற கிரேக்க நாட்டுக் கிழவர் எங்களுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஏன் சிரித்தோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். இது என் கண்ணைப் பற்றிய கதை. என் சந்தேகப் புத்தியைப் பற்றிய கதையும்தான்.

2

நான் ஊரில் பதினோராம் வகுப்பு, ஓ.எல். சோதனை வரைக்கும் படித்தவன். இங்கே ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் சாமான் ஏற்றும் வான் ஓடினேன். நகரத்துக்கு வடக்கே லவாலில் இருக்கிற தமிழ்க் கடைகளுக்கும், தெற்கே புரோசார்ட்டில் இருக்கிற கடைகளுக்கும் கத்தரிக்காய், முருங்கைக்காய், பச்சைமிளகாய் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. நல்ல வேலை. யாரும் மேலே நின்று அதிகாரம் பண்ண மாட்டார்கள். வானுக்குள் நானும் ரேடியோவும்தான்.

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் கூட. சோதனைச்சாவடிகளுக்குள் வளர்ந்தவனுக்கு அது வராமல் இருக்காது. முன்னால் வருகிறவன் யார், பின்னால் நிற்கிறவன் யார் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தோம். யாரையும் உடனே நம்பாததால்தான் நாங்கள் சில பேர் இன்றைக்கு இருக்கிறோம். ஆனால் விமானம் ஏறும்போது அந்தக் குணத்தை மட்டும் இறக்கி வைத்துவிட்டு வர முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன், பொழுதுபட்ட பிறகு தெரு மங்கலாகத் தெரியத் தொடங்கியது. மின்சாரச் செலவைக் குறைக்கத் தெருவிளக்குகளை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு வானின் முன்விளக்கில் சந்தேகம் வந்தது. கராஜ்காரன் புது பல்ப் என்று சொல்லிப் பழையதைப் போட்டுவிட்டான் என்று அவனோடு சண்டைக்குப் போனேன். அவன் விளக்கைப் போட்டுக் காட்டினான். அவன் கராஜ் சுவரில் மட்டும் வெளிச்சமாய்த் தெரிவதற்கு ஏதோ வேலை செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் முழங்கால் அடிபடாத நாள் இல்லை.

"இந்தக் கதிரையை ஆர் இஞ்சை இழுத்து வைச்சது?"

"அது எப்பவும் உதிலைதான் கிடக்குது" என்பாள் மனைவி.

நான் நம்பவில்லை. தாயும் மகளும் எனக்குத் தெரியாமல் சாமான்களை மாற்றி மாற்றி வைக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததும் எனக்கு ஒரு சந்தேகமாகத்தான் பட்டது.

வெளியிலும் கரைச்சல். எங்கள் மாடிக் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருப்பவர் குணம் அண்ணை. வயதில் மூத்தவர், எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பவர். ஒருநாள் படியில் மறித்தார்.

"என்ன பெரியாள், இப்ப எங்களை எல்லாம் தெரியாதோ?"

"என்ன அண்ணை கதைக்கிறியள்?"

"நேற்று மெத்ரோ வாசலிலை பக்கத்திலை நிண்டு கையைக் காட்டினனான். கண்டும் காணாத மாதிரிப் போறீர்."

"சத்தியமாய்க் காணேல்லை அண்ணை."

"ஓம் ஓம். வீடு வாங்கினாப் பிறகு ஒருத்தருக்கும் ஒருத்தரும் தெரியிறேல்லை."

"நான் எங்கை அண்ணை வீடு வாங்கினனான்?"

"அப்ப வாங்கப் போறீர் போலை."

இன்றைக்கு யோசித்தால் விளங்குகிறது. அவர் நின்றது எனக்குப் பக்கவாட்டில். பக்கத்தில் இருப்பவை என் பார்வையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்க்கொண்டிருந்தன. முன்னால் இருப்பது வடிவாகத் தெரிந்ததால் எனக்கு அது தெரியவில்லை. பார்வை குறைந்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி இல்லை. அந்த இடம் இல்லாமலே போய்விடும். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊரில் எனக்கு ஒரு சின்னையா இருந்தார், அப்பாவின் தம்பி. பொழுதுபட்டால் வாசலைத் தாண்ட மாட்டார். பேய்க்குப் பயந்தவர் என்று நாங்கள் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் நின்று ஊளையிடுவோம். தப்பித் தவறி வெளியில் போய் வேலியில் முட்டினால், இண்டைக்கும் போட்டிட்டார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் கள்ளுக்கடைப் பக்கமே போனதில்லை. மறுத்து ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. பயந்தாங்கொள்ளி, குடிகாரன் என்ற இரண்டு பெயரையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். எனக்குக் கண்ணில் இந்த வருத்தம், இந்த நோய், வந்த பிறகுதான் அவர் நினைவு வந்தது.

3

ஒருநாள் பின்னேரம் லவாலுக்குப் போகும்போது ஆரணியும் வானில் வந்தாள். அவளுக்கு அங்கே ஒரு சிநேகிதியின் வீட்டில் இறங்க வேண்டியிருந்தது. சூரியன் மறைந்து வெளிச்சம் சாம்பலாகும் நேரம். ஒரு திருப்பத்தில் டப் என்று ஒரு சத்தம், பிறகு வானுக்குக் கீழே ஏதோ உருளும் சத்தம்.

"அப்பா! கோனை இடிச்சுப் போட்டீங்கள்!"

அந்தக் கூம்பை இங்கே எல்லாரும் கோன் என்றுதான் சொல்வார்கள். இங்கிலீசிலும் அதுதான், பிரெஞ்சிலும் அதுதான்.

இறங்கி அதை இழுத்து எடுத்தேன். ஒரு பக்கம் நசிந்திருந்தது. ஓரத்தில் நிறுத்திவிட்டு வந்தேன். "கண்ட கண்ட இடத்திலை வைக்கிறாங்கள்" என்றேன். ஆரணி பின்னால் கையைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தேன். அந்தத் திருப்பத்தில் ஒரு கூம்பு இல்லை, ஒரு வரிசையே நின்றது. நான் ஒன்றையும் காணவில்லை.

"இதை ஆருக்கும் சொல்லாதை, பிள்ளை. கடை முதலாளி அறிஞ்சால் வேலை போயிடும்."

"ஓம் அப்பா."

அடுத்த கிழமையே நான் கண் வைத்தியரிடம் போக ஆரணி நேரம் குறித்துவிட்டாள். கண்ணாடி மாற்றத்தானே என்று நானும் போனேன். அங்கே பார்த்தவர் வேறு இடத்துக்கு அனுப்பினார், பெரிய ஆஸ்பத்திரிக்கு.

ஒரு இருட்டறையில் நாடியை ஒரு தாங்கியில் ஊன்றி, பெரிய கோப்பை மாதிரி ஒரு மெசினுக்குள் பார்க்க வேண்டும். கையில் ஒரு பொத்தான். கோப்பைக்குள் எங்கேயாவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் அமத்த வேண்டும். முதலில் தெரிந்தது, அமத்தினேன். பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. மெசின் நின்றுவிட்டது என்று அதை இயக்கிக்கொண்டிருந்த பெண்பிள்ளைக்குச் சொன்னேன். "நிற்கவில்லை, மெசியே, நடந்துகொண்டுதான் இருக்கிறது" என்றாள். மெசியே என்றால் ஐயா. இவர்கள் பழுதான மெசினை வைத்து என் கண்ணில் குற்றம் எழுதப் போகிறார்கள் என்று நினைத்தேன். நான் காணாத வெளிச்சம் அத்தனையும் அந்தக் கோப்பைக்குள் வந்து வந்து போயிருக்கிறது.

4

வைத்தியர் ஒரு அம்மா. அமைதியாகக் கதைப்பவர், ஆனால் பிரெஞ்சில். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பெட்டி இறக்கும் பிரெஞ்சு. இங்கே வை, கையெழுத்துப் போடு, நன்றி. ஆரணி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவள்தான் மொழிபெயர்க்க வந்தாள். அவளுடைய தமிழ் வீட்டுத் தமிழ். சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் கோபத்துக்கும் காணும். கண்ணுக்குள் இருப்பதைச் சொல்லப் போதாது.

இரண்டு பேரும் வேகமாகக் கதைத்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

முதலில் 'பத்தோனே' என்று ஒரு சொல் வந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியும். கடையில் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும் மீன் பத்தோனே. சின்னத் தடி மாதிரி வெட்டித் தூள் பிரட்டின மீன். என் கண்ணுக்கும் மீன் பொரியலுக்கும் என்ன சம்பந்தம்? நான் சாப்பிடுவதில் குற்றம் பிடிக்கிறார்களோ?

பிறகு அந்தச் சொல் வந்தது. கோன்.

ஒரு தரம் இல்லை, பல தரம். லே கோன், லே கோன் என்று வைத்தியரும் சொன்னார், ஆரணியும் சொன்னாள். கூடவே இழப்பு, பாதுகாப்பு என்ற மாதிரிச் சொற்களும் வந்தன. சொல்லாதே என்று கேட்டும் சொல்லிவிட்டாளே!

"அப்பா, டொக்டர் சொல்றா, இனிமேல் கோன் எல்லாத்தையும் பாதுகாக்க வேணுமாம். அதுதான் இப்ப முக்கியமாம்."

"ஓ, அதுதான் முக்கியமோ?"

"ஓம். கனக்கப் போயிட்டுதாம்."

"கனக்கவோ?" எனக்குப் பொறுக்கவில்லை. நேரே வைத்தியரைப் பார்த்து எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். "ஆன் சேல்! ஆன் சேல் கோன்!" ஒன்று! ஒரேயொரு கோன்!

வைத்தியரின் முகம் மாறியது. எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"பயப்பட வேண்டாமாம் அப்பா. ஒண்டு இல்லையாம், இன்னும் மில்லியன் கணக்கிலை இருக்காம்."

இந்த நகரத்தில் அவ்வளவு கோன் நிற்பது எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு ஆரணி சொன்ன ஒவ்வொன்றும் என் சந்தேகத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. பொழுதுபட்ட பிறகு இனி வான் ஓட வேண்டாமாம். சோதனை எல்லாம் முடிந்ததும் வாகனத் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேண்டுமாம். கோனைப் பாதுகாக்க ஒரு மருந்து பரிசோதனையில் இருக்கிறதாம், விருப்பமென்றால் சேரலாமாம்.

கோனைப் பாதுகாக்க எனக்கு ஏன் மருந்து? அப்போதுதான் விளங்கியது. நான் குடித்துவிட்டு ஓடி இடித்தேன் என்று நினைக்கிறார்கள். குடியை நிறுத்தத்தான் அந்த மருந்து. சின்னையாவுக்கு ஊர் சொன்னதை எனக்கு ஆஸ்பத்திரி சொல்கிறது.

எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

5

அன்றிலிருந்து நான் ஆரணியோடு கதைக்கவில்லை. அவள் இரண்டொரு தரம் விளங்கப்படுத்த வந்தாள். "எனக்கு எல்லாம் விளங்கினது" என்று அனுப்பிவிட்டேன். மனைவிக்கும், "கண்ணாலை இல்லை, உம்மடை மகளாலைதான் எனக்கு வேலை போகப் போகுது" என்றேன். அவள் பாவம், ஒன்றும் விளங்காமல் எனக்குப் பொன்னாங்காணியும் கரட்டும் மாறி மாறிச் சமைத்துப் போட்டாள்.

குணம் அண்ணையிடம் மருந்துப் பரிசோதனை பற்றிக் கேட்டேன்.

"தம்பி, உதுக்கு முதல் எலியைத்தான் பிடிக்கிறவங்கள். எலி முடிஞ்சாப் பிறகுதான் தமிழன்."

"அப்ப சேர வேண்டாமோ அண்ணை?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. எலிக்கு என்ன நடந்ததெண்டு முதல் கேளும்."

ஒருநாள் ஆரணி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் கதைத்தாள். நான் கதவடியில் நின்றேன். பிரெஞ்சு. 'மோன் பேர்' என்றாள், அது என் அப்பா. 'பெர்மி' என்றாள், அது லைசென்ஸ். குரல் அழுகிற மாதிரி இருந்தது. சரி, வாகனத் திணைக்களத்துக்கே சொல்லிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். வீம்பில் அந்தக் கிழமை முழுவதும் பின்னேரச் சவாரியையும் நானே கேட்டு எடுத்தேன்.

அப்படி ஓடின ஒரு பின்னேரம், புரோசார்ட்டில் ஒரு கடைக்குப் பக்கத்தில் திரும்பும்போது முன்னால் ஒரு பெண் நின்றாள். வந்ததை நான் காணவில்லை. நிலத்திலிருந்து முளைத்த மாதிரி நின்றாள். கையில் குழந்தைத் தள்ளுவண்டி. பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் இருந்த பெட்டியெல்லாம் சரிந்தது. அவள் வானின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வானுக்குள் சிந்தின தக்காளியைக்கூட அள்ளாமல் வீட்டுக்கு வந்தேன். பயத்தை என்ன செய்வதென்று தெரியாதவன் அதைக் கோபமாக மாற்றுவான். பிள்ளைகளே, பெரியவர்கள் சத்தம் போடும்போது பாதி நேரம் நடப்பது இதுதான்.

6

ஆரணி குசினியில் தாயோடு நின்றாள்.

"நீதானே சொன்னனீ!"

"என்னத்தை அப்பா?"

"கோனைப் பற்றி! ஆருக்கும் சொல்லாதை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். முதல் டொக்டருக்கு. இப்ப ஃபோனிலை அவங்களுக்கும்."

"எந்தக் கோன்?"

"எந்தக் கோனோ? லவாலிலை இடிச்ச கோன்! நீயும் டொக்டரும் கோன் கோன் எண்டு கதைச்சதை இந்தக் காதாலை கேட்டனான்."

அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். பிறகு வாய் கோணியது. குளிர்ப்பெட்டியில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அப்பா... அது ரோட்டிலை இருக்கிற கோன் இல்லை. உங்கடை கண்ணுக்குள்ளை இருக்கிற கோன்."

"கண்ணுக்குள்ளை கோனோ?" மனைவி அகப்பையோடு திரும்பினாள். "இதென்ன விசர்க் கதை?"

"இருக்கு அம்மா. எல்லாருக்கும் இருக்கு. கண்ணுக்குப் பின்பக்கத்திலை வெளிச்சத்தைப் பிடிக்கிற சின்னச் சின்னச் செல்ஸ். ரெண்டு விதம். ஒண்டு தடி மாதிரி, அது பத்தோனே. இருட்டிலை பாக்கிறதுக்கும் பக்கத்திலை இருக்கிறதைப் பாக்கிறதுக்கும். மற்றது கோன் மாதிரி. அது நிறம் பாக்கிறதுக்கு, வாசிக்கிறதுக்கு..."

நான் கதிரையைப் பிடித்தேன். எங்கிருந்தோ ஒரு வரி தானாக வந்தது. கோல்கள் மங்கிய ஒளிக்கு, கூம்புகள் நிறத்துக்கும் பிரகாசமான ஒளிக்கும். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில், ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கில், புத்தகத்தை மூக்கில் முட்டப் பிடித்துக்கொண்டு பாடமாக்கின வரி. உங்கள் விஞ்ஞானப் புத்தகத்திலும் கண்ணின் படம் இருக்கும், பாருங்கள்.

"கூம்பு" என்றேன்.

"என்ன?"

"கூம்புக் கலம். மற்றது கோல் கலம். விழித்திரையிலை இருக்கிறது."

"உங்களுக்குத் தெரியுமே?"

"சோதனைக்குப் படிச்சனான்."

"அப்ப ஏன் அங்கை டொக்டரோடை சண்டை பிடிச்சனீங்கள்?"

"நீ கூம்பு எண்டு சொல்லேல்லையே."

"எனக்குக் கூம்பு தெரியாதே, அப்பா."

மனைவி கறியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு ஆரணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் அந்தக் கோனைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லாதை எண்டனீங்கள். டொக்டர் என்னைக் கேட்டவா, அப்பா வாகனம் ஓடேக்கை எதிலையும் இடிச்சிருக்கிறாரோ எண்டு. இல்லை எண்டு சொன்னனான். பொய் சொல்லிப்போட்டு, பின்னேரத்திலை நீங்கள் வெளிக்கிட்டால் வான் திரும்பி வாற சத்தம் கேக்குமட்டும் யன்னலடியிலை நிக்கிறனான்."

"அப்ப ஃபோனிலை ஆரோடை லைசென்ஸைப் பற்றிக் கதைச்சனீ?"

"அது என்ரை லைசென்ஸ். கார் பழக்கிற இடத்துக்குச் சொன்னனான், கொஞ்ச நாளைக்கு வர ஏலாது எண்டு. அப்பாவுக்கு இருக்கிறது எனக்கும் இருக்குதோ எண்டு பாத்து முடியுமட்டும்."

தெருவிளக்கில் சந்தேகப்பட்டேன். கராஜ்காரனில், கதிரையில், மெசினில், பெற்ற பிள்ளையில் சந்தேகப்பட்டேன். இந்த வருத்தம் பிள்ளைக்கும் வந்திருக்குமோ என்ற அந்த ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு வரவே இல்லை. அவள் அதைத் தனியாக வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

அடுத்த நாள் காலை, இனி ஓட மாட்டேன் என்று வான் திறப்பைச் சாவிக்கொத்தோடு முதலாளியின் மேசையில் வைத்தேன்.

7

மறுபடி வைத்தியரிடம் போனோம். இந்த முறை லவால் கூம்பையும், புரோசார்ட் பெண்ணையும் நானே சொன்னேன். ஆரணி மொழிபெயர்த்தாள். நான் அன்று "ஒரேயொரு கோன்" என்று கத்தியது ஏன் என்றும் சொன்னாள். வைத்தியர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நீங்கள் திறப்பைக் கொடுத்தது நல்லது என்றார்.

நான் விளங்கிக்கொண்டதை உங்களுக்கு எழுதுகிறேன். என் கண்ணில் கோல்கள் முதலில் பட்டுப்போகின்றன, அதனால்தான் இருட்டும் பக்கவாட்டும் போயின. கோல்கள் போன இடத்தில் பிறகு கூம்புகளும் மெல்ல வாடத் தொடங்குமாம். ஏன் என்று கேட்டேன். அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள் என்றார். போன கோலைத் திருப்பித் தர இன்றைக்கு என்னைப் போன்றவர்களுக்கு வழி இல்லை. இருக்கிற கூம்பை எவ்வளவு காலம் காப்பாற்றலாம் என்பதுதான் கேள்வி. கடும் வெயிலிலும் பனியின் கூச்சத்திலும் நிறக்கண்ணாடி போட வேண்டும். புகைக்கக் கூடாது. கீரை, மரக்கறி, மீன் சாப்பிடலாம். கண்ணுக்கு நல்லது என்று கடையில் விற்கிற குளிசைகளைக் கேட்காமல் விழுங்கக் கூடாது, சில கண் வருத்தங்களுக்கு அதுவே கெடுதலாம்.

ஆரணியின் கண்ணையும் சோதித்தார்கள். இரத்தமும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் உரக்கக் கதைக்கவில்லை. பழுதான மரபணு ஒன்றை என்னிடமிருந்து எடுத்திருக்கிறாள், ஆனால் தாயிடமிருந்து வந்தது நல்லது, அதனால் அவளுடைய கோலும் கூம்பும் சுகம் என்றார் வைத்தியர். நிச்சயமோ என்று கேட்டேன். நிச்சயம் என்றார். மெசின் சரியாய் வேலை செய்ததோ என்று கேட்டேன். ஆரணி அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

மருந்துப் பரிசோதனையில் சேர்ந்திருக்கிறேன். சிலருக்கு மருந்துக் குளிசை, சிலருக்கு வெறும் குளிசை. யாருக்கு எது என்று வைத்தியருக்கும் தெரியாதாம், நோயாளிக்கும் தெரியாதாம். "இதுக்குப் பேர் டபிள் பிளைண்ட்" என்று ஆரணி சொன்னதும், "ஐயோ, ரெண்டு கண்ணுமோ?" என்று மனைவி தலையில் கை வைத்தாள். எனக்கு வருவது வெறும் குளிசை என்றுதான் நான் நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் மணந்து பார்க்கிறேன். குணம் அண்ணைக்கும் மணக்கக் கொடுத்தேன். எலிக்கு நல்லாய்ப் போயிருக்கு என்று ஆரணி வாசித்துச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வாகனத் திணைக்களத்துக்குத் தனியாகத்தான் போனேன். யன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் காரணம் கேட்டாள். வருத்தத்தின் பெயர் நீளமானது, வாயில் வரவில்லை. "கோன். கோனில் பிரச்சினை" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, மொன்றியலில் யாருக்குத்தான் இல்லை?" என்றாள்.

இப்போது அதே கடையில் உள்வேலை. தக்காளி தரம் பிரிக்கிறேன். எது பழம், எது நாளைக்குப் பழுக்கும், எது வெளியே சிவந்து உள்ளே அழுகுகிறது என்று பார்த்துப் பார்த்து வைக்கிறேன். நிறம் கூம்பின் வேலை. அவை இன்னும் என்னோடு இருக்கின்றன. வான் ஓடின கால் மட்டும் சில நேரம் மேசைக்குக் கீழே பிரேக்கைத் தேடும்.

பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் பொழுதுபட்டால் தடுக்கி விழுகிற ஒருவன் இருக்கலாம். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கவனிக்காமல் போகிற ஒருத்தி இருக்கலாம். ஊளையிட வேண்டாம். ரீச்சரிடம் சொல்லுங்கள், கண் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். சின்னையாவுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

இன்று பின்னேரம் ஆரணி லவாலுக்குக் கார் ஓடினாள். புது லைசென்ஸ், குணம் அண்ணையின் பழைய கார். "பிள்ளை, உன்ரை அப்பர் மாதிரி ஒண்டையும் இடிச்சுப்போடாதை" என்று சொல்லித்தான் திறப்பைத் தந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அதே திருப்பம், வெளிச்சம் சாம்பலாகும் அதே நேரம், அங்கேயும் கூம்புகள் வந்திருந்தன. முன்விளக்கு படும் இடத்தில் மட்டும், ஒரு குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி, செம்மஞ்சள் ஒவ்வொன்றாகப் பளீர் என்று தெரிந்தது.

"கூம்பு" என்றாள். "கூம்பு. கூம்பு."

"ஏன் எல்லாத்தையும் சொல்றாய்?"

"உங்களுக்குத் தெரியுதோ எண்டு பாக்கத்தான்."

"தெரியுது, தெரியுது. ரோட்டைப் பாத்து ஓடு."

"வலப்பக்கத்திலையும் ஒண்டு நிக்குது. அது?"

வலப்பக்கத்தில் எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. தலையைத் திருப்பினால் போதும், அவள் சொல்வது உண்மையா, என்னைச் சோதிக்கிறாளா என்று பார்த்துவிடலாம். நான் திருப்பவில்லை.

"நீ சொன்னால் இருக்கும்" என்றேன்.